மூளிக்காது

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து என் காது மூளிக்காது. எங்கள் கடற்கரைப் பக்கத்தில் ஆண் பிள்ளையானாலும் வயது ஒன்று முடிந்ததும் அம்மன் கோயிலில் மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்திவிடுவார்கள். பெரியவனானதும் கடுக்கனைக் கழற்றிப் போட்டாலும் ஓட்டையின் வடு இருக்கும். எனக்கு அது இல்லை. எனக்கு நாள் குறித்துப் பந்தல்கால் நட்ட வாரத்தில் என் மாமன் செத்துப்போனார். அவருக்குச் சின்னவர் ஒருவர் இருந்தார், அவர் அதற்கும் முன்பே போய்விட்டிருந்தார். பங்காளி முறையில் யாரையாவது உட்கார வைக்கலாம் என்றார்கள். கூடப்பிறந்தவன் மடி இல்லாமல் குத்த மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். அம்மனுக்கு நேர்ந்துகொண்டது அப்படியே நின்றது.

பள்ளிக்கூடத்தில் என்னை மூளிக்காதன் என்று கூப்பிட்டார்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கு அது காரணம் இல்லை. எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. நெல்லூரில் ஓட்டலில் மாவாட்டினேன். லாரியில் கிளீனராகப் போய் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன். கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்துக்குக் கட்டடம் எழும்பிய காலத்தில் ஜல்லி சுமந்தேன். அங்கும் தரிக்கவில்லை. எழுபதுகளின் நடுவில், செங்கல்பட்டில் ஒரு ஜீப்புக்கு டிரைவர் வேண்டும், கடற்கரை ஊர்கள் தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன்.

ஜீப்பில் போகிறவர் ஒரு டாக்டரம்மா. சென்னையிலிருந்து ஆராய்ச்சிக்காக வந்து செங்கல்பட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். அவர் இரண்டு விதமான பையன்களைத் தேடிக்கொண்டிருந்தார். ஒருவிதம், நன்றாக நடக்கப் பழகிய பிறகு கெண்டைக்கால் பருத்து, தரையிலிருந்து எழுந்திருக்கும்போது முழங்காலிலும் தொடையிலும் கையை ஊன்றித் தன் மேல் தானே ஏறுவதுபோல எழுகிறவர்கள். சில வருடங்களில் அப்படி எழுவதும் முடியாமல் போய்விடும். இன்னொருவிதம், அடிபட்டால் ரத்தம் நிற்காதவர்கள். இரண்டும் வேறு வேறு வியாதி, வருகிற வழி மட்டும் ஒன்று என்று அவர் சொன்னார். பையனின் ரத்தமும் தாயின் ரத்தமும் தாயோடு பிறந்த பெண்களின் ரத்தமும் எடுத்து, ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்துச் சென்னைக்கு அனுப்புவோம். பிள்ளையின் கையை ஆடாமல் பிடிப்பதும், ஊசியை எடுத்ததும் பஞ்சால் அழுத்துவதும் என் வேலை.

இன்னொரு வேலையும் இருந்தது. ஊருக்குள் நான் முதலில் போய்ப் பேச வேண்டும். இந்த மாதிரி வியாதி உங்கள் வகையறாவில் யாருக்காவது இருந்ததா என்று கேட்பேன். ஆண்கள்தான் பதில் சொல்வார்கள். அப்பன், பாட்டன், சித்தப்பன் என்று பங்காளிகள் எல்லோரையும் நினைத்துப் பார்த்துவிட்டு, கிடையாது என்பார்கள். டாக்டரம்மா வேலைக்கு வைத்த அன்று என்னையும் கேட்டார். எங்கள் வகையறாவில் எல்லோரும் கல் மாதிரி என்று சொன்னேன். பொய் இல்லை, அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முட்டுக்காட்டில் ஒரு நாள் ஒரு வீட்டுக்குப் போனோம். உப்பங்கழியில் இறால் பிடிக்கிற மனுஷன் அவர். பையன் வாசலில் உட்கார்ந்திருந்தான். கெண்டைக்கால் இரண்டும் பெரிய ஆளுடையது மாதிரி இருந்தன. நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"எங்க வகையறாவுல அந்த பேஜாரே கெடையாது அண்ணாத்த. எங்க நைனா சாவறதுக்கு மொத நாளு வரைக்கும் வல தூக்கினாரு."

டாக்டரம்மா அவரை விட்டுவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்த பையனின் அம்மாவைப் பார்த்தார்.

"நீ சொல்லும்மா. உன்கூடப் பிறந்த ஆம்பளைங்க எத்தனை பேர்?"

அந்தப் பெண் புருஷனைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"இப்ப ஒருத்தன் கீறான். அதுக்கு மேல ரெண்டு பேரு இருந்தாங்க. நடக்க மாட்டாத கெடந்து பூட்டாங்க."

"இவன மாதிரியா?"

"இவன மாதிரியேதான். கெண்டக்கால் பெருசா."

இறால்காரர் அவள் பக்கம் திரும்பினார். "இன்னாமே, இத்தினி வருசமா சொல்லவே இல்ல?"

"நீ எங்க கேட்ட? உன் வகையறாவ கேட்டாங்க, நீ சொல்லிகினு இருந்த."

திரும்பி வரும்போது டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. ஆனால் இத்தனை நாள் எத்தனை வீட்டில் தப்பான கேள்வியைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்று சொன்னார். தாய் பிறந்த வீட்டை இங்கே யாரும் தன் வகையறாவில் சேர்ப்பதில்லை, அந்தப் பெண்ணேகூடச் சேர்ப்பதில்லை. நாம் தேடிக்கொண்டிருப்பதோ அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. இனிமேல் மாமனைக் கேள், அம்மாவின் மாமனைக் கேள் என்றார்.

"அது ஏம்மா பொம்பளைக்கு வராம பையனுக்கு மட்டும் வருது?"

"இது எக்ஸ் குரோமோசோம்னு ஒண்ணுல வருது. பொம்பளைக்கு அது ரெண்டு இருக்குப்பா. ஒண்ணு பழுதானாலும் இன்னொண்ணு வேலை பார்த்துடும். ஆம்பளைக்கு ஒண்ணே ஒண்ணு. அதுவும் அம்மா கொடுக்கறதுதான். பழுதானதைக் கொடுத்துட்டா அவனுக்கு வேற வழி கிடையாது."

லாரியில் இருந்தவனுக்கு இது உடனே புரிந்தது. பெண்ணிடம் ஸ்டெப்னி இருக்கிறது. ஆண் ஸ்டெப்னி இல்லாமல் ஓடுகிற வண்டி.

கோவளம் தாண்டிச் சவுக்குத் தோப்பு வரும் வரை அதையே நினைத்துக்கொண்டு ஓட்டினேன். பிறகு வண்டியை ஓரம் கட்டினேன்.

"என்னப்பா, பஞ்சரா?"

"எனக்கு ரெண்டு மாமனுங்கம்மா."

பெரியவர் சந்தையில் பல் பிடுங்குகிறவனிடம் ஒரு பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்ததையும், அதிலிருந்து வாய் நிறைய ரத்தம் வந்துகொண்டே இருந்ததையும், சட்டி வைத்துத் துப்பித் துப்பியே போய்ச் சேர்ந்ததையும் சொன்னேன். சின்னவருக்குப் பையனாக இருக்கும்போதே காலில் கிளிஞ்சல் கிழித்தது. அந்த வயதில் எங்கள் ஊரில் கிளிஞ்சல் கிழிக்காத கால் கிடையாது. அவருக்கு மட்டும் அது மூடவில்லை. இதெல்லாம் அம்மா சொல்லிக் கேட்டது. அம்மன் கோபம் என்றுதான் அவள் சொல்வாள்.

"உனக்கு அடிபட்டா?"

லாரிக் கதவில் நசுங்கித் தையல் போட்ட விரலைக் காட்டினேன்.

"அப்ப உனக்கு இல்லை. தங்கச்சி யாராவது?"

"ஒருத்தி. மகாபலிபுரத்துக்குத் தெக்கால கட்டிக் கொடுத்திருக்கோம். ஒரு பையன்." ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டு மீதியைச் சொன்னேன். "வர்ற வெள்ளிக்கிழமை காது குத்து. நான்தான் மடி."

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. அம்மாவுக்கே அது வராமல் இருந்திருக்கலாம். வந்திருந்தாலும் தங்கைக்குப் போகாமல் இருந்திருக்கலாம். குழந்தையின் ரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் அப்பா ஒத்துக்கொள்ளாமல் குழந்தைக்கு ஊசி போட மாட்டேன் என்றார். அதைச் சொல்லும்போது என் பக்கம் திரும்பாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் தங்கை வீட்டுக்குப் போனேன். அம்மா ஒரு வாரம் முன்பே அங்கே வந்து மாவு இடித்துக்கொண்டிருந்தாள். மச்சான் கட்டுமரத்தில் போயிருந்தார். பையன் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தான். என்னைப் பார்த்ததும் சுவரை விட்டுப் பொத்தென்று உட்கார்ந்து சிரித்தான். தூக்கினேன். தொடையிலும் விலாவிலும் நீலமாகக் கன்றிப்போன இடங்கள். சில பச்சையாகி மஞ்சளாகிக்கொண்டிருந்தன. முழங்காலில் ஒரு வீக்கம், தொட்டால் சூடாக இருந்தது.

"இது இன்னா?"

"தூக்கினா கன்னிப்போவுது, உக்கார வெச்சா கன்னிப்போவுது," என்றாள் தங்கை. "எங்க மாமியா நான் கிள்றேன்னு ஊரெல்லாம் சொல்லிகினு கீது. அவரும் ஒரு நாளு கேட்டாரு, புள்ளய ஏன்மே கிள்றேன்னு."

அம்மாவிடம் மாமன்களைப் பற்றிக் கேட்டேன். உலக்கையை நிறுத்தாமல், "அது எங்க பொறந்த வூட்டு சமாச்சாரம். இப்ப எதுக்கு?" என்றாள். எதற்கு என்று சொன்னேன். அவள் உலக்கையைச் சுவரில் சாய்த்தாள்.

"உனுக்கு குத்தாத உட்டோம். அந்தக் கோவம்தான் புள்ள மேல நீலமா நிக்குது. வெள்ளிக்கெழம குத்தினா எல்லாம் எறங்கிப்பூடும்."

"குத்தினா நிக்காதும்மா."

"வாய கழுவு."

தங்கைக்குப் புரிந்துவிட்டது. அவள் குழந்தையை என்னிடமிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். நான் பின்னால் போனேன்.

"ஆம்பளைங்க மூலமா வராது, எங்கிட்டேருந்துதான் வந்துச்சின்றியா?"

"டாக்டரம்மா சொல்லுது. யாரு தப்பும் இல்லேன்னும் சொல்லுது."

"டாக்டரம்மா சொல்லும். எங்க மாமியா சொல்லுமா? கிள்றேன்னாலே இந்தப் பாடு. ஒடம்புலயே வெச்சிகினு வந்தேன்னு தெரிஞ்சா அன்னிக்கே வண்டி ஏத்திடுவாங்க. கொழந்தய வெச்சிகினு என்னிய மட்டும் அனுப்பினாலும் அனுப்புவாங்க."

"நான் வெள்ளிக்கெழம வராத இருந்துட்டா?"

"உனுக்கு அது கைவந்த வேல." அவள் சிரிக்கவில்லை. "நீ வரலேன்னா சித்தப்பா மவன் கீறான். அவன் மடியில வெச்சி குத்துவாங்க. எம்புள்ளய புடிச்சிக்க நீயாச்சும் இரு."

மச்சானிடம் பாதியைச் சொல்லலாம் என்று முடிவு செய்தோம். சாயங்காலம் அவர் கரைக்கு வந்ததும் மரத்தைத் தூக்க ஒரு கை கொடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமை எங்கள் டாக்டரம்மாவும் வருகிறார், குழந்தையின் உடம்பில் இருக்கிற நீலத்தைப் பார்க்கட்டும் என்று சொன்னேன். ஜீப் வந்து தன் வாசலில் நிற்கும் என்பதில் அவருக்குச் சந்தோஷம். வரட்டும் மச்சான், நாஸ்தாவுக்கே வரச் சொல்லு என்றார். ஊசியைப் பற்றி நான் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் டாக்டரம்மாவை ஏற்றிக்கொண்டு போனேன். சீர்த்தட்டு பின் சீட்டில் இருந்தது. தேங்காய், பழம், குழந்தைக்குச் சட்டை, ஒரு ஜோடிக் கடுக்கன். பக்கத்திலேயே ஊசிப் பெட்டியும் கண்ணாடிக் குழாய்களும். வழி முழுக்க அவை ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டுக்கொண்டு வந்தன.

கோயில் வீட்டுக்கு எதிரிலேயே, மணலில், நாலு கால் மண்டபமாக இருந்தது. சனங்கள் வந்துவிட்டார்கள். பம்பைக்காரர்கள் தோலைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள். நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஆசாரி மணைக்குப் பக்கத்தில் தங்கக் கம்பியை விரித்த துணியில் வைத்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மொட்டை முதலில், காது பிறகு. கத்தி என்று ஒன்று இருப்பதை அதுவரைக்கும் நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. குழந்தைக்கு மொட்டை போட்டால் ஒரு கீறலாவது விழாமல் இருக்காது.

டாக்டரம்மா வீட்டுக்குள் குழந்தையைப் பார்த்தார். முழங்காலைத் தொட்டார், நீலங்களைத் தொட்டார். பிறகு மச்சானைக் கூப்பிட்டு நேராகவே பேசினார்.

"குத்தறதுக்கு முன்னாடி ரத்தம் உறையுதான்னு பார்க்கணும். கொஞ்சம் ரத்தம் எடுக்கணும்."

"குத்தலாமான்னு பாக்க மொதல்ல ஒரு வாட்டி குத்தணுமா? நல்லா கீதும்மா இது."

"சின்ன ஊசி. இதை நாம பக்கத்துல இருந்து அழுத்திப் பிடிச்சுக்கலாம். காதும் தலையும் அப்படி இல்லை."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் தங்கையைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டவும் இல்லை, குனியவும் இல்லை.

"அப்ப எனுக்கும் எடு, மச்சானுக்கும் எடு," என்றார். "கொழந்த மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சி?"

கதவைச் சாத்தினோம். முதலில் மச்சானுக்கு எடுத்து, குழாயை அவர் கையிலேயே கொடுத்து, உள்ளங்கைச் சூட்டில் மூடி வைத்துக்கொள்ளச் சொன்னார். அடுத்தது எனக்கு. பிறகு பையனை என் மடியில் வைத்தார்கள். காது குத்துக்கு உட்கார வேண்டிய மடிதான். டாக்டரம்மா அவன் புறங்கையில் வெகுநேரம் நரம்பைத் தேடினார். ஒரே குத்தில் எடுத்தார். அவன் கத்திய கத்தல் வெளியே கேட்டிருக்கும். பம்பைக்காரர் ஒருவர் அதற்கு இரண்டு தட்டுத் தட்டினார். வெளியே சிரித்தார்கள்.

"கட்டைவிரலால அழுத்து," என்றார் என்னிடம். "நான் சொல்ற வரைக்கும் எடுக்காதே. நின்னுடுச்சான்னு பார்க்கக்கூட எடுக்காதே."

குழந்தையின் குழாயைத் தங்கை கையில் கொடுத்தார். அவள் அதை மூடிப் பிடித்துக்கொண்டாள்.

உட்கார்ந்திருந்தோம். அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் அம்மா சுவரோடு சாய்ந்து நின்றாள். குழந்தை விசும்பி விசும்பி ஓய்ந்து என் சட்டைப் பொத்தானைக் கடிக்க ஆரம்பித்தான். அந்தச் சின்னக் கை என் விரலுக்குக் கீழே பஞ்சு மாதிரி இருந்தது. கூடுதலாக அழுத்தினால் அதுவே இன்னொரு நீலமாகுமோ என்று பயம். குறைவாக அழுத்தவும் பயம்.

"சாய்ச்சுப் பாருங்க," என்றார் டாக்டரம்மா.

மச்சான் சாய்த்தார். ரத்தம் ஓரமாக ஓடியது. நானும் இடது கையில் இருந்ததைச் சாய்த்தேன். ஓடியது. மறுபடி மூடிக்கொண்டோம்.

கதவைத் தட்டினார்கள். மச்சானின் அம்மா. "இன்னாடா உள்ள பண்றீங்க? ராகு காலம் வந்துகினே கீது."

"தோ வர்றோம்," என்றார் மச்சான்.

மறுபடி சாய்த்தோம். மச்சானுடையது ஆறிய கஞ்சி மாதிரி மேலே ஏடு கட்டியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. உள்ளேயே சிவப்புக் கட்டியாக நின்றது. அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. என்னுடையதைப் பார்த்தார். நான் கவிழ்த்தேன். அதுவும் நின்றது.

எல்லோரும் தங்கையின் கையைப் பார்த்தோம். அவள் மூடிய கையைத் திறக்கவில்லை.

"கொஞ்சம் பொறும்மா," என்றாள் டாக்டரம்மாவிடம். "இன்னும் கொஞ்ச நேரம் ஆவட்டும்."

டாக்டரம்மா காத்திருந்தார். மறுபடி கதவைத் தட்டினார்கள். பிறகு மச்சான்தான் எழுந்து போய், அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, குழாயை எடுத்துச் சாய்த்தார். தண்ணீர் மாதிரி ஓடியது. நிமிர்த்தித் திரும்பச் சாய்த்தார். ஓடியது. தன் குழாயைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

அம்மா கிட்டே வந்து எட்டிப் பார்த்தாள். "எங்கண்ணன் துப்பின சட்டியிலயும் இப்படித்தான் இருந்திச்சி," என்றாள்.

அதைச் சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மச்சான் டாக்டரம்மாவிடம் கேட்டார். "இது எந்த வூட்டுலேருந்து வருது?"

டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார். சொல்ல வேண்டாம் என்று எனக்கு இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை சொன்னாள்.

"எங்க வூடு. எங்க மாமனுங்க ரெண்டு பேரும் இப்படித்தான் செத்தாங்க. எங்கிட்டேருந்துதான் புள்ளக்கி வந்துச்சி."

வெளியே பம்பைக்காரர்கள் சும்மா இருக்க முடியாமல் அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். மச்சான் இரண்டு குழாய்களையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. கடலுக்குப் போகிறவர்களின் முகம் அப்படி.

"அப்ப நீ கிள்ளல," என்றார் தங்கையிடம்.

"அத எத்தினி வாட்டி சொன்னேன்."

"சொன்ன."

அவர் குழாய்களை டாக்டரம்மாவிடம் கொடுத்தார். பிறகு கதவைப் பார்த்தார். "வெளிய இன்னா சொல்றது?"

வியாதி என்று சொன்னால் எந்த வீட்டு வியாதி என்று கேட்பார்கள். இன்னொரு நாள் என்று சொன்னால் நாளைக் குறித்துக்கொண்டு மறுபடி கூடுவார்கள். டாக்டரம்மாவுக்கு ரத்தம் தெரியும், எங்கள் சனங்களைத் தெரியாது. அவர் என்னைப் பார்த்தார். நான் மச்சானைப் பார்த்தேன்.

அம்மா தலைப்பை வாயிலிருந்து எடுத்து இடுப்பில் செருகினாள். கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். நாங்கள் பின்னால் போனோம், நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கட்டைவிரலை எடுக்காமல்.

சம்பந்தியம்மாவுக்கு எதிரில் போய் நின்றாள் அம்மா.

"வேண்டுதல் என்னுது. நான் வேண்டிகினது எம்புள்ள காதுக்கு. அது இன்னும் மூளியா கீது. அத உட்டுட்டு பேரன் காதுல குத்தினா அம்மன் ஏத்துக்குவாளா? மொதல்ல இவனுக்கு குத்துங்க. புள்ளக்கி பூமுடி போதும்."

பூமுடி என்றால் மொட்டை போடாமல் ஒரு கொத்து முடியை மட்டும் கத்தரித்துக் காணிக்கை கொடுப்பது. அதில் தோலுக்கு வேலை இல்லை.

"அது எப்பிடி? புள்ளக்கி குத்ததானே எல்லாரும் வந்திருக்கோம்," என்றாள் சம்பந்தியம்மா.

"வேண்டிகினது நானு. கோவம் வந்தா எனுக்குத்தான் வரும். உனுக்கு இன்னா?"

வேண்டிக்கொண்டவள் சொன்னால் அதற்கு மேல் பேச்சு இல்லை. சம்பந்தியம்மா மகனைப் பார்த்தாள்.

"எங்க மாமியா சொல்றதுதான்மா செரி," என்றார் மச்சான். "பெரிய கணக்கு முடியட்டும். புள்ள வளந்தப்பறம் பாத்துக்கலாம்."

நாவிதர் கத்தியை மடக்கிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார். உச்சியில் ஒரு கொத்து, ஒரே வெட்டு. கத்தரிக்கோல் பையனின் தலைக்கு மேல் மூடித் திறந்த அந்த நேரம் நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது முடி தட்டில் இருந்தது.

அடுத்து நான். மணையில் உட்கார்ந்தேன், குழந்தை என் மடியில். ஆசாரி என் காதைப் பிடித்து விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"இது காதா, தோல் செருப்பா? எங்கம்பி வளஞ்சிடும் போலகீதே."

சனங்கள் சிரித்தார்கள். "மடி வேணுமே, இவனுக்கு யாரு மடி?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"மடி எதுக்கு? புள்ள எழுந்து ஓடாத இருக்க," என்றார் மச்சான். "இது ஓடிப்போற கேசுதான். நானே புடிச்சிக்கிறேன்." பின்னால் வந்து மணலில் முட்டி போட்டு என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். விளையாட்டாகச் சொன்னாரே தவிர, பிடி விளையாட்டாக இல்லை.

இருபத்தாறு வயதுக் காதில் கம்பி ஏறுவது சுகமான காரியம் இல்லை. முதல் காதில் ஆசாரி இரண்டு முறை திருகினார். கழுத்துக்கு ரத்தம் வடிந்தது. குழந்தை அதைப் பார்த்துக் கை நீட்டினான். நான் அவன் கையை விடவில்லை. அடுத்த காதுக்கு முகத்தைத் திருப்பியபோது, விரல் நழுவிவிட்டதோ என்று ஒரு கணம் தோன்றியது. கூட்டத்தில் டாக்டரம்மாவைத் தேடினேன். அவர் ஆசாரிக்குப் பின்னால் நின்று, என் காதைப் பார்க்காமல் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையை மட்டும் ஆட்டினார். இருக்கிறது, பிடி.

பம்பை அடித்தது. கற்பூரம் காட்டினார்கள். குழந்தைக்கு வாங்கிய கடுக்கன் எனக்கு. சீர் கொண்டுவந்தவனே சீரைப் போட்டுக்கொண்டு போகிறான் என்று யாரோ சொன்னார்கள். சம்பந்தியம்மாகூடச் சிரித்தாள். பிறகு சாப்பாட்டுக்கு இலை போட ஆரம்பித்தார்கள், கூட்டம் அந்தப் பக்கம் போனது.

அதற்கு அப்புறமும் நான் மணையில்தான் உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா எதிரில் மணலில் உட்கார்ந்து தங்கையிடமும் மச்சானிடமும் தாழ்ந்த குரலில் பேசினார். இதைத் தீர்க்க மருந்து இல்லை. முழங்கால் வீங்கினால் துணியை நனைத்துப் போட்டு ஆட்டாமல் வைக்க வேண்டும். விழுந்து அடிபட்டால், ரத்தம் வந்தாலும் வராவிட்டாலும், சென்னைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், வேறொருவர் ரத்தத்திலிருந்து உறைய வைக்கிற சத்தை எடுத்து ஏற்றலாம். யாரிடமும் பல் பிடுங்கக் கொடுக்கக்கூடாது. மச்சான் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். கடைசியில் ஒன்று கேட்டார்.

"கட்டுமரம் ஏறலாமா?"

டாக்டரம்மா குழந்தையின் முழங்காலைப் பார்த்தார். "அவனைப் படிக்க வைங்க," என்றார்.

மச்சான் கடலைப் பார்த்தார். தங்கை அவரைப் பார்த்தாள். அவர் எழுந்து போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார். முதலில் நீ குடி என்றார்.

"இப்ப எடு, பார்க்கலாம்," என்றார் டாக்டரம்மா என்னிடம்.

கட்டைவிரலை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. விரல் மரத்துப் போயிருந்தது. மற்றக் கையால்தான் அதைத் தூக்க வேண்டியிருந்தது. குழந்தையின் புறங்கையில் என் விரல் பதிந்த இடம் வெள்ளையாகக் குழிந்திருந்தது. நடுவில் ஊசி போன புள்ளி. நாங்கள் நாலு பேரும் குனிந்து அதைப் பார்த்தோம். வெள்ளை மெல்ல மெல்லச் சிவந்து தோல் நிறத்துக்கு வந்தது. புள்ளி புள்ளியாகவே இருந்தது.

டாக்டரம்மா அங்கேயே உட்கார்ந்திருந்தார். இலை போட்டுச் சாப்பாடு ஒரு பந்தி முடிந்தது. புள்ளி அப்படியே இருந்தது.

"நின்னுடுச்சு," என்றார்.

தங்கை குழந்தையை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். எடுக்கும்போது, விலாவில் பிடிக்காமல், இரண்டு கையையும் அடியில் கொடுத்து, உறியிலிருந்து பானையை இறக்குகிற மாதிரி எடுத்தாள். பிறகு என் கழுத்தைப் பார்த்து, "உனுக்கு நின்னுச்சாண்ணா?" என்று கேட்டாள்.

தொட்டுப் பார்த்தேன். எப்போதோ காய்ந்து பொருக்கு தட்டியிருந்தது.